‘மாவட்டத்துக்குள்ள எங்க செத்தாலும் காசு வரும் அக்கா’

தம்பலகாமத்தில் மாரி காலத்தில் எல்லா மாடும் வீட்டில் நிற்பதில்லை. பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டால் வயல் பக்கம் மாட்டைக் காட்டவே கூடாது. யாருடைய பயிரிலாவது வாய் வைத்துவிட்டால் ஊரே இரண்டுபடும். அதனால் பட்டிக்காரர்கள் மாடுகளைச் சேர்த்துக் காட்டோர மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோவார்கள். அறுவடை முடிந்து தாள் மேயவிடும் காலத்தில்தான் அவை திரும்பி வரும். பால் கறக்கிற மாட்டைக் கொட்டிலில் கட்டித் தீனி போடலாம். பால் வற்றின மாட்டுக்கும் அதே செலவு செய்ய என்னைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

திருகோணமலைப் பக்கம் மாடு வளர்க்கிற எவருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக் காப்புறுதிப் பொலிசியை எழுதியவர்களுக்குத்தான் தெரியவில்லை. அவர்களைப் பொறுத்தவரை மாடு என்பது ஒரு விலாசத்தில் நிற்கிற பொருள்.

எங்கள் ஊரில் மாட்டுக் காப்புறுதி பற்றிப் பேச்சு வந்தது 2022 டிசம்பருக்குப் பிறகு. மாண்டஸ் புயல் தமிழ்நாட்டுக் கரையைத் தொட்ட அந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் குளிர்காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் செத்தன. ஏதோ தொற்றுநோய் என்றுதான் முதலில் பயந்தார்கள். இறைச்சி ஏற்றிப் போவதைக்கூட நிறுத்தினார்கள். சோதித்துப் பார்த்த பிறகுதான், குளிர் தாங்காமல் செத்தவை என்று தெரியவந்தது. அதற்கு அடுத்த வருடம், பால் எடுக்கிற இடங்களில் காப்புறுதிக் கம்பனிக்காரர்கள் வந்து நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். கொடுத்த நேரம் சரியான நேரம். எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

என்னிடம் இருந்தது ஒரு ஜேர்சி கலப்புப் பசு. சீட்டுக் காசில் வாங்கியது, நல்ல பால். பொலிசியில் அதன் பெறுமதி 2 இலட்சம் ரூபாய் என்று போட்டார்கள். பகலெல்லாம் தையல் கடையில் நிற்பதால் நான் யாரோடும் அதிகம் போனில் பேசுவதில்லை, கேட்க வேண்டியதை வட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். கையெழுத்து வைப்பதற்கு முதல், விற்பனை முகவரான அந்தத் தம்பியிடம் இப்படிக் கேட்டேன்: “தம்பி, மாரியில இது பட்டியோட காட்டுப்பக்கம் போகும். அங்க ஏதும் நடந்தா காசு வருமா?” அன்றிரவே குரல் பதிவில் பதில் வந்தது. “பயப்படாதீங்க அக்கா, மாவட்டத்துக்குள்ள எங்க செத்தாலும் காசு வரும். காதுத் தோடு மட்டும் கழராமப் பாத்துக்கொள்ளுங்க.” தோடு என்றது, மாட்டை அடையாளம் காணக் காதில் குத்திவிடுகிற இலக்கத் தகட்டை.

அடுத்த நாள் விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். கேள்விகளை அவரே கேட்டு, அவரே ஆங்கிலத்தில் நிரப்பினார். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்து வைத்தேன். பொலிசிப் புத்தகம் கட்டுப்பணம் (பிரிமியம்) கட்டிக் கொஞ்சக் காலம் போன பிறகுதான் தபாலில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

பசு செத்தது தைப்பொங்கலுக்குச் சற்று முன்னர். சினையாகப் பால் வற்றியிருந்ததால் பட்டியோடு அனுப்பியிருந்தேன். விடிய வெள்ளன பட்டிக்கார அண்ணன் போன் எடுத்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. “தங்கச்சி, மாடு விழுந்துட்டுது. புடையன் கடிச்ச மாதிரிக் கிடக்கு” என்றார். அழுகிற நேரம் இல்லை. அடுத்த சில மணி நேரத்தில் என்ன செய்கிறோமோ அதில்தான் கிளைம் நிற்கும். முன்பின் மாடு சாகக் கொடுத்த பெரியம்மா ஒருவர் சொல்லித் தந்திருந்ததால் எனக்கு அது தெரிந்திருந்தது.

மாட்டை அசைக்க வேண்டாம், புதைக்க வேண்டாம், காதை வெட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். நான் போவதற்குள் படம் எடுக்கச் சொன்னேன்: முழு மாடு ஒன்று, காதுத் தோட்டின் இலக்கம் வாசிக்கக்கூடியதாக ஒன்று, கடிபட்ட கால், சுற்றுப்புறம். கம்பனியின் கிளைக்குப் போன் எடுத்து அறிவித்தேன். எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் கையோடு எழுதி வைத்தேன். என் பொலிசியில் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. அறிவித்ததைப் பிறகு யாரும் இல்லையென்று சொல்லக்கூடாது என்பதற்காக அதே விஷயத்தைக் கிளையின் இலக்கத்துக்கு எஸ்எம்எஸ் ஆகவும் போட்டேன். அப்புறம் அரசாங்க மிருக வைத்தியர். தனியார் டொக்டரின் துண்டு கம்பனிகளிடம் எடுபடாது. அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தின் பிரேத பரிசோதனை அறிக்கைதான் கேட்பார்கள். டொக்டர் வந்து வெட்டிப் பார்த்துப் பாம்புக்கடி என்று எழுதித் தந்தார். அறிக்கையில் தோட்டிலக்கம் சரியாக இருக்கிறதா என்று அந்த இடத்திலேயே நின்று பார்த்தேன். எழுதியது பிழைத்தால் பிறகு திருத்துவதற்கு அலைய வேண்டிவரும். கிராம சேவகரின் கடிதமும் எடுத்தேன். குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்ததையும் படம் எடுத்தோம்.

இவ்வளவும் ஒழுங்காக இருந்ததால் கம்பனியால் சாவைப் பற்றி ஒன்றும் கேட்க முடியவில்லை. தோடு இருக்கிறது, தடுப்பூசி அட்டை இருக்கிறது, அறிக்கை இருக்கிறது. மறுப்புக் கடிதம் வேறு காரணத்தோடு வந்தது. பொலிசியின் அட்டவணையில் (மாட்டின் விபரமும் இடமும் எழுதியிருக்கிற பக்கம்) குறிப்பிட்ட இடத்தில் விலங்கு இருக்கும்போது ஏற்படும் இறப்புக்கு மட்டுமே நட்டஈடு. உங்கள் அட்டவணையில் இருப்பது வீட்டு விலாசம். பசு இறந்தது வேறு இடத்தில். ஆகவே வருந்துகிறோம்.

கடிதத்தைப் படித்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். மேய்ச்சல் தரையும் கொட்டில்தான் என்று வாதாடு என்றார் ஒருவர். மத்தியஸ்த சபைக்குப் போ என்றார் இன்னொருவர். பாம்பு வீட்டிலும் கடித்திருக்கலாம் என்று எழுது என்று சொன்ன அறிவாளியும் உண்டு. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: அந்தப் பந்தியில் சந்தேகத்துக்கு இடமில்லை. குழப்பமாக எழுதியிருந்தால், எழுதியவனுக்குப் பாதகமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று காப்புறுதிச் சட்டத்தில் ஒரு கொள்கை இருக்கிறது, அதைப் பிடித்துத் தொங்கலாம். இங்கே எழுத்து தெளிவாக இருக்கிறது. அதனோடு மோதினால் தோற்பேன்.

எனக்குத் தவறாகச் சொன்னது பொலிசி அல்ல, அதை விற்றவர். ஆகவே என் முறைப்பாடு பொலிசியைப் பற்றியதாக இருக்கக்கூடாது, விற்ற விதத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பிடித்ததுதான் எனக்குக் கைகொடுத்தது. கிளையில் ஒவ்வொரு முறையும் அவர்கள் அதே பந்தியைத் திறந்து வாசித்துக் காட்டுவார்கள். “ஓம், அது எனக்கு விளங்குது சேர். நான் கேக்கிறது, ஏன் எனக்கு வேற மாதிரிச் சொன்னீங்க எண்டு” என்று நானும் அதே இடத்தில் நின்றேன்.

கடிதத்தைத் தலைமைக் காரியாலயத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குத் தமிழில் எழுதி, பதிவுத் தபாலில் போட்டேன். பிரதியைக் கிளையில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கினேன். வாங்குவதற்கு முதல் நான் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, சரியான பதில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன். இவை மட்டும்தான் அதில் இருந்தன. பசு எவ்வளவு பால் தந்தது, பிள்ளைகளின் படிப்பு, கடன் கஷ்டம் எல்லாம் எழுத மனம் துடித்தது. எழுதவில்லை. அது அவர்களுக்கு அனுதாபக் கடிதம் எழுதுகிற வாய்ப்பைத்தான் கொடுக்கும்.

சரியான பதில் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற மூன்றாவது விஷயத்தைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதேயில்லை. “பிழையாகச் சொன்னீர்கள், ஆகவே காசைத் தா” என்பது அரைவாசி வாதம்தான். அந்தப் பிழையால் நமக்கு என்ன நட்டம் என்று காட்ட வேண்டும். கந்தளாயில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதே கம்பனியில், கொஞ்சம் கூடுதலாகக் கட்டி, மேய்ச்சல் இடத்தையும் அட்டவணையில் சேர்த்திருந்தார். அவருடைய பொலிசியின் அந்தப் பக்கத்தை அவர் சம்மதத்தோடு போட்டோ கொப்பி எடுத்து இணைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் அதைக் கட்டிச் சேர்த்திருப்பேன். அதுவும் முடியாவிட்டால் பசுவை வீட்டில் வைத்திருப்பேன். ஆகவே அந்தக் கூடுதல் கட்டணத்தை நட்டஈட்டில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாருங்கள் என்று எழுதினேன். நாமே கழிக்கச் சொல்வது சிலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இலவசமாக எதையும் கேட்கவில்லை என்று காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குரல் பதிவு விஷயத்தில் கவனம் வேண்டும். அதை வேறொருவருக்கு அனுப்பி, அவருடைய போனிலிருந்து கொடுத்தால் முதலில் வந்த திகதியும் நேரமும் தெரியாது. வந்த போனிலேயே இருக்க வேண்டும். உரையாடலைத் திறந்து, அவருடைய இலக்கமும் திகதியும் தெரியும்படி திரையைப் படம் எடுத்தேன். பதிவில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் கடிதத்தில் எழுதினேன், ‘எங்க செத்தாலும்’ என்பதைக்கூடத் திருத்தாமல். ஒலியைப் பென்டிரைவில் போட்டு இணைத்தேன். போன் மாற்றுகிறவர்கள் முதலில் வட்ஸ்அப்பைச் சேமித்துவிட்டு மாற்றுங்கள். இலத்திரனியல் செய்தி சாட்சியாகுமா என்று கேட்பவர்களுக்கு: 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

கடிதம் போன பிறகு அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றபடியே, “அக்கா, என்ட பேரைப் போடாம எழுதியிருக்கலாமே” என்றார். சின்ன வயது. மாதாமாதம் இத்தனை பொலிசி என்று தலையில் கட்டிவிடுவார்கள், பயிற்சி என்ற பெயரில் அரை நாள் பேசி அனுப்புவார்கள். அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது, தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் அது யாரோ ஒருவர் சொன்ன கதையாகிவிடும். “உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் எழுதேல்ல தம்பி, நீ சொன்னதை மட்டும்தான் எழுதியிருக்கிறன். வேணுமெண்டா வாசிச்சுப் பார்” என்று பிரதியைக் கொடுத்தேன். வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார்.

கம்பனியின் பதில் எதிர்பார்த்தபடிதான் இருந்தது. பொலிசியை மாற்ற முகவருக்கு அதிகாரம் இல்லை, எல்லாவற்றையும் வாசித்து விளங்கியதாக நீங்கள் கையெழுத்திட்டுள்ளீர்கள். முதலாவதற்கு நான் எழுதியது: அவர் பொலிசியை மாற்றினார் என்று நான் சொல்லவில்லை, உங்கள் சார்பில் விற்கும்போது பொலிசியைப் பற்றித் தவறாகச் சொன்னார் என்கிறேன். இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். முகவர் கம்பனியின் ஆள். தரகர் நம் பக்கம் நின்று பல கம்பனிகளில் பார்த்துத் தருகிறவர். நமக்கு விற்றவர் யார் என்பது பொலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும். எனக்கு விற்றவர் கம்பனியின் முகவர். அவர் சொன்னதற்குக் கம்பனி பொறுப்பில்லை என்றால் அவரை எதற்கு என் வாசலுக்கு அனுப்பினார்கள்?

இரண்டாவதற்குப் பதில் எழுதுவதற்கு முதல், நான் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவத்தின் பிரதியைக் கேட்டேன். தருவதற்கு இழுத்தடித்தார்கள். எழுத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். வாங்கிப் பார்த்தால், விலங்கை வளர்க்கும் முறை என்ன என்ற கேள்விக்கு நேரே அந்தத் தம்பியின் கையெழுத்தில் ‘கொட்டிலும் மேய்ச்சலும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் சொன்னதை அவர் மறைக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறார். மாடு மேயப் போகும் என்று தெரிந்துகொண்டே கம்பனி வீட்டு விலாசத்தை மட்டும் அட்டவணையில் போட்டுக் கட்டுப்பணத்தை வாங்கியிருக்கிறது. காப்புறுதி ஒப்பந்தத்தில் இரு பக்கமும் மறைக்காமல் நடக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கிளைம் வரும்போது நமக்கு எதிராக மட்டுமே அதை எடுத்துப் பேசுவார்கள். இந்த முறை நான் எடுத்தேன்.

குரல் பதிவைவிட அந்த ஒற்றை வரிதான் கனமாக விழுந்தது என்று நினைக்கிறேன். யாரோடு என்ன தகராறு என்றாலும் முதல் வேலையாக விண்ணப்பப் படிவத்தின் பிரதியைக் கேளுங்கள். நம் வீட்டில் இருக்கும் பொலிசிப் புத்தகம் கம்பனி சொல்வது. விண்ணப்பம் நாம் சொன்னது.

அப்புறம் பேரம் தொடங்கியது. கிளையிலிருந்து போன் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகை தருகிறார்களாம், வந்து கையெழுத்து வைக்கட்டாம். போய்ப் படிவத்தைப் பார்த்தேன். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று இருந்தது. அதில் கையெழுத்து வைத்தால் கதை முடிந்தது. பாதியாவது வரட்டும் என்று அம்மா சொன்னா. அதில் நியாயமும் இருந்தது. அடுத்த மாட்டுக்குக் காசு வேண்டும், மாரி போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பாதி என்பது எந்தக் கணக்கு என்று கேட்டேன், அவர்களால் சொல்ல முடியவில்லை. என் கடிதத்தில் கணக்கு இருக்கிறது, அதில் எது பிழை என்று எழுதித் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேண்டாம் என்றதையும் அன்றைக்கே எழுத்தில் அனுப்பினேன்.

பிறகு இறுதி மறுப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கொழும்பில் இருக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினேன். காப்புறுதிக் கம்பனிகள் மீதான முறைப்பாடுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறவர் அவர். 2005 முதல் இயங்குகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் பத்தில் ஒருவருக்குத் தெரிந்தாலே பெரிது. கட்டணம் இல்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டு, அங்கே தீராத பிறகுதான் போக முடியும். அவருடைய தீர்ப்பு கம்பனியைக் கட்டுப்படுத்தும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் நாம் நீதிமன்றம் போகலாம். பலர் இவரைப் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மனோடு போட்டுக் குழப்புகிறார்கள். அவர் அரச நிர்வாகம் பற்றிய முறைப்பாடுகளுக்கு, காப்புறுதிக் கம்பனிக்கு அல்ல. இவரைத் தவிர, காப்புறுதிக் கம்பனிகளைக் கண்காணிக்கிற இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. அதற்கும் முறையிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையில் மாட்டுக்குக் காப்புறுதி எடுத்திருந்தால் முறைப்பாட்டுப் பாதை இதுவல்ல. அது 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அரச சபை. முதலில் அவர்களுடைய மாவட்ட அலுவலகத்தில் தொடங்க வேண்டும். அரச நிறுவனம் என்பதால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் பிரதியைக் கேட்கலாம். தனியார் கம்பனியிடம் நான் பட்ட இழுபறி அங்கே கொஞ்சம் குறையும்.

ஒம்புட்ஸ்மனுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி கம்பனிக்குப் போன பிறகு அவர்களின் குரல் மாறியது. இதுவரை என்னோடு பேசாத ஒரு மேடம் தலைமைக் காரியாலயத்திலிருந்து எடுத்தா. தமிழில் பேசினா, நன்றாகவே பேசினா. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் அவர்களே முடித்தார்கள்: 2 இலட்சத்தில் பொலிசிப்படி நாம் பொறுக்க வேண்டிய பத்து வீதமும், மேய்ச்சல் இடத்தைச் சேர்ப்பதற்கான கூடுதல் கட்டணமும் கழித்து மிச்சம். என் கடிதத்தில் இருந்த அதே கணக்கு. பிழை என்று எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இந்தத் தடவையும் ‘நல்லெண்ண அடிப்படை’தான். அந்தச் சொல்லுக்காக நான் சண்டை பிடிக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தது, கையெழுத்து வைத்தேன். காசு வங்கியில் விழுந்த பிறகுதான் ஒம்புட்ஸ்மனுக்கு விஷயம் முடிந்தது என்று எழுதினேன். அதற்கு முதல் எழுதச் சொல்லிக் கிளையில் கேட்டார்கள், மாட்டேன் என்றேன்.

அந்தத் தம்பி இப்போது காப்புறுதி வேலையில் இல்லை. என்னால்தானா என்று தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

அந்தப் பசு முன்னர் ஈன்ற நாகு (கிடாரிக் கன்று) வளர்ந்துவிட்டது. அதற்கும் அதே கம்பனியில்தான் பொலிசி எடுத்திருக்கிறேன். ஆச்சரியப்படுகிறவர்களுக்கு: வேறு கம்பனிகளிலும் விசாரித்தேன், விலாசப் பந்தி எல்லோரிடமும் இருக்கிறது. இந்த முறை புது முகவரிடம் வாயால் எதுவும் பேசவில்லை. மேய்ச்சல் தரையின் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை அங்கே நிற்கும், யாருடைய பட்டி என்பதையெல்லாம் எழுதிக் கிளைக்கு அனுப்பினேன். இவை அட்டவணையில் ஏறின பிறகுதான் கட்டுப்பணம் கட்டுவேன் என்றேன். புது அட்டவணை வந்தது. பட்டிக்கார அண்ணனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருப்பி அனுப்பினேன்.